விளம்பரம் வந்தது, தகவல் போய்ச் சேர்ந்ததா?

வாடகை வீடு, பெயர் மாற்றம், காணாமல்போன பத்திரம் ஆகிய விளம்பரங்களுக்கு நடுவே, நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் வரும். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வாதி, பிரதிவாதி, ஒரு தேதி. அன்று காலை நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ ஆஜராகத் தவறினால் வழக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும் என்ற எச்சரிக்கையோடு கட்டம் முடிந்துவிடும். யாருக்காக அதை அச்சிட்டார்களோ அவர் அந்த நாளிதழை வாங்குபவரா, வாங்கினாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டுபவரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையைச் சட்டமே நீக்கிவிட்டது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 5, விதி 20-இன்படி, இப்படி மாற்று முறையில் சார்வு செய்யப்பட்ட (உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்) சம்மன், பிரதிவாதியின் கையிலேயே கொடுக்கப்பட்ட சம்மனுக்குச் சமம். வேறு வழியே இல்லாதபோது விளம்பரம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆளைத் தேடும் வேலைக்குப் பதிலாக அது வந்து நிற்பதுதான் சிக்கல். அப்படி நிற்கும்போது பாதிக்கப்படுபவர் பிரதிவாதி மட்டுமல்ல. தீர்ப்பை வாங்கிக்கொண்டு போகும் வாதியின் காலடியிலும் தரை உறுதியாக இல்லை.

சட்டம் போட்டுவைத்திருக்கும் வரிசை நல்ல வரிசைதான். முதலில் நீதிமன்ற ஊழியரான அமீனா நேரில் போக வேண்டும். அல்லது தபாலில், கூரியரில், மின்னஞ்சலில் சம்மன் போக வேண்டும். ஆள் வீட்டில் இல்லை, விரைவில் வரும் வாய்ப்பும் இல்லை என்றால், உடன் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வந்து, எப்போது, யார் முன்னிலையில் ஒட்டினேன் என்று அறிக்கை தர வேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றம் அமீனாவையே கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு, பிரதிவாதி சம்மனைத் தவிர்ப்பதற்காக ஒளிகிறார் என்றோ, வேறு காரணத்தால் வழக்கமான முறையில் சார்வு செய்ய இயலாது என்றோ நீதிமன்றம் திருப்தியடைந்தால்தான் விதி 20 வருகிறது. நடப்பதோ வேறு. ‘வீடு பூட்டியிருந்தது’, ‘விலாசத்தில் இல்லை’ என்ற ஒரு வரியோடு சம்மன் திரும்புகிறது. அடுத்த வாய்தாவில் பத்திரிகை விளம்பரத்துக்கு மனு. அதற்கடுத்த வாய்தாவில் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்மானம். இது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லாமல் இல்லை. 1997-இல் ஒரு மணமுறிவு வழக்கில், மாற்றுச் சார்வு என்பது கடைசிப் புகலிடம், அதை எடுத்தவுடன் பயன்படுத்தக் கூடாது என்றது. 2018-இல் ஒரு நில ஒப்பந்த வழக்கில், சட்டம் கேட்கும் திருப்தியைப் பதிவு செய்யாமலே மாற்றுச் சார்வுக்கு உத்தரவிட்டதைச் சுட்டிக்காட்டி, ஒருதலைப்பட்சத் தீர்ப்பையே ரத்து செய்தது. இரண்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள் ஓடியும் அதே பாடத்தை மறுபடி நடத்த வேண்டியிருந்தது என்றால், தனித்தனி நீதிபதிகளின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விதியின் அமைப்பிலேயே குறை இருக்கிறது.

எனக்குப் படும் குறை, அது இரண்டு வகை மனிதர்களை ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறது என்பதுதான். ஒருவர் ஒளிபவர். வழக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். அமீனா தெருமுனையில் திரும்பும்போதே பின்வாசல் வழியாகப் போய்விடுவார். இன்னொருவர் ஒளியவே இல்லை. வாதி கொடுத்த முகவரியில் இல்லை, அவ்வளவுதான். வளைகுடாவில் வேலைக்குப் போனவர், திருப்பூரில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர், புகுந்த வீட்டைவிட்டு வெளியேறிய பிறகும் அதே வீட்டு முகவரியில் கணவரால் மணமுறிவு வழக்கு தொடரப்பட்ட பெண், இறந்துபோன பங்காளியின் வாரிசுகளாக நான்கு மாநிலங்களில் சிதறிக் கிடப்பவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். முதல் வகைக்காரருக்கு விளம்பரம் புதிதாக எதையும் சொல்வதில்லை, அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். இரண்டாம் வகைக்காரரின் கண்ணிலோ அது படுவதே இல்லை. ஆக, தகவல் சொல்வதற்கென்று வைத்த ஏற்பாடு இரு தரப்புக்கும் தகவல் சொல்லவில்லை. ஒளிபவர் விஷயத்தில் இதை நியாயப்படுத்தலாம். தன் தந்திரத்தின் விளைவை அவரே சுமக்கட்டும் என்பது சரியே. மற்றவர் விஷயத்தில் நியாயப்படுத்த என்ன இருக்கிறது? வீடு மாறியது குற்றமில்லை.

இந்த வேறுபாட்டைச் சட்டம் அறியாததல்ல. மனைவி, குழந்தைகள், பெற்றோருக்கான ஜீவனாம்ச வழக்குகளில், எதிர்மனுதாரர் வேண்டுமென்றே சம்மனைத் தவிர்க்கிறார் அல்லது வேண்டுமென்றே ஆஜராகாமல் இருக்கிறார் என்று நீதித்துறை நடுவர் திருப்தியடைந்தால் ஒருதலைப்பட்சமாக விசாரிக்கலாம் என்றுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் சொல்கின்றன. ‘வேண்டுமென்றே’ என்ற ஒரு சொல் அங்கே எடை போடுகிறது. உரிமையியல் சட்டத்திலோ ‘வேறு காரணத்தால்’ என்ற அகலமான வாசல் திறந்து கிடக்கிறது.

இன்னும் வியப்பானது, நம் சட்டமே தன்னை நம்பவில்லை என்பது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் முப்பது நாள் அவகாசம் தருகிறது. சம்மன் முறையாகச் சார்வாகியிருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து முப்பது நாள். சார்வாகவில்லை என்றால் தீர்ப்பைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து முப்பது நாள். இதைச் சொல்லும் 123-ஆம் இனத்தின் கீழ் ஒரு விளக்கம் இருக்கிறது: விதி 20-இன்படியான மாற்றுச் சார்வு, இந்த இனத்தின் நோக்கத்துக்கு முறையான சார்வாகக் கருதப்படாது. வழக்கை நடத்தும்போது நேரில் கொடுத்ததற்குச் சமமாக இருந்த அதே விளம்பரம், தீர்ப்பை உடைக்க வரும்போது சார்வே இல்லை என்றாகிவிடுகிறது. விளம்பரத்தைப் பிரதிவாதி பார்த்திருக்க மாட்டார் என்று இந்த விளக்கத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிரதிவாதிக்கு இது நல்ல பாதுகாப்புதான். வாதியின் பக்கம் நின்று பார்த்தால் இதன் பொருள் வேறு. விளம்பரத்தை நம்பி வாங்கிய டிக்ரிக்குக் கெடு முடிவதே இல்லை. எத்தனை ஆண்டு கழித்தும் ஒருவர் வந்து, இன்றுதான் எனக்குத் தெரியும் என்று மனுப் போடலாம். அதற்குள் சொத்து கைமாறியிருக்கலாம், வாதி இறந்துபோயிருக்கலாம், சாட்சிகள் மறந்திருக்கலாம். இரண்டு வாய்தாவை மிச்சப்படுத்தப் போய் வழக்கு முழுவதையும் முதலிலிருந்து நடத்த நேரும் ஆபத்தை வாதி தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

அந்த ‘இன்றுதான் தெரியும்’ என்ற நாள் பெரும்பாலும் எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனு தீர்ப்பிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கலானால், கட்டளை 21, விதி 22-இன் பொது விதிப்படி எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பு தரவேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கு வந்தது தெரியாமல், தீர்ப்பானது தெரியாமல், வீட்டை ஒப்படைக்கச் சொல்லி அமீனா பூட்டோடு வந்து நிற்கும்போதுதான் ஒருவருக்கு முதன்முதலாக விஷயம் தெரியவரும் நிலைமையைச் சட்டம் அனுமதிக்கிறது. சம்மனோடு போனபோது கண்டுபிடிக்க முடியாத ஆளை, சொத்தைக் கைப்பற்றப் போகும்போது எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறோம் என்றால், முதல் தேடல் எவ்வளவு உண்மையாக நடந்தது என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

இந்தக் கேள்வியை மற்ற நாட்டு நீதிமன்றங்களும் எதிர்கொண்டிருக்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950-இல், பலருக்காக ஒரு வங்கி நிர்வகித்த கூட்டு அறக்கட்டளை நிதி தொடர்பான வழக்கில், பெயரும் முகவரியும் தெரிந்த பயனாளிகளுக்குப் பத்திரிகை விளம்பரம் போதாது என்றது. உண்மையிலேயே ஒருவருக்குத் தகவல் சொல்ல விரும்புபவர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பாரோ அதுதான் முறையான வழி, சடங்குக்காகச் செய்வது அறிவிப்பாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆர்கன்சா மாநிலத்தில் வரிபாக்கிக்காக ஒரு வீட்டை விற்றார்கள். உரிமையாளருக்கு அனுப்பிய பதிவுத் தபால்கள் யாரும் வாங்காமல் திரும்பிவந்தன. பத்திரிகை விளம்பரமும் வெளியானது. அது போதாது என்று 2006-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தபால்காரரிடம் கொடுத்த கடிதக் கட்டு கண்ணெதிரே சாக்கடையில் விழுவதைப் பார்த்த அதிகாரி, அனுப்பிவிட்டேன் என்று திரும்பிப் போய்விடுவாரா, மறுபடி எழுதமாட்டாரா என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. கடிதம் திரும்பிவந்தது என்பதும் ஒரு தகவல்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த நியாயமான முயற்சியை எடுத்தாக வேண்டும். இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை விதிகளும், பிரதிவாதி பழைய முகவரியில் இல்லை என்று வாதி நினைக்கக் காரணம் இருந்தால், இப்போதைய முகவரியை அறிய நியாயமான முயற்சி எடுக்க வேண்டிய கடமையை வாதியின் மேலேயே வைக்கின்றன. நாம் செய்ய வேண்டிய முதல் மாற்றமும் இதுதான். மாற்றுச் சார்வு கேட்கும் வாதி, யாரிடம் விசாரித்தேன், எந்த எண்ணுக்கு அழைத்தேன், உறவினர், வேலை செய்த இடம், பழைய வீட்டு உரிமையாளர் என்ன சொன்னார்கள் என்று பிரமாணப் பத்திரத்தில் வரிவரியாக எழுதித் தர வேண்டும். பொய் என்றால் அதன் விளைவைச் சந்திக்க வேண்டும். இன்று மனுவில் இருக்கும் ‘எவ்வளவோ முயன்றும் இயலவில்லை’ என்ற ஒற்றை வரி போதாது.

இதற்கு முதல் ஆட்சேபம் தெரிந்ததே: ஏற்கெனவே ஆமை வேகத்தில் நகரும் வழக்குகள் இன்னும் மெதுவாகும், ஏமாற்றுக்காரர்களுக்குக் கொண்டாட்டமாகும். ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களைச் சமாளிக்கச் சட்டத்தில் வேறு கருவிகள் உண்டு. சம்மனை வாங்க மறுத்தால், சார்வு ஆனதாகவே நீதிமன்றம் அறிவிக்கலாம். காசோலை வழக்குகளில், சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தெளிவாக்கியது. தனக்கு வரவில்லை என்பவர் நீதிமன்றச் சம்மன் கிடைத்த பதினைந்து நாளில் பணத்தைக் கட்டிவிட்டுத் தப்பலாமே என்றும் அது வழிகாட்டியது. தேடல் பற்றிய பிரமாணப் பத்திரம் ஒளிபவரை உறுதியாகக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். தம்பி வீட்டில் இருக்கிறார், போனை எடுத்துவிட்டுத் துண்டிக்கிறார் என்று அதில் பதிவானால், பின்னாளில் எனக்குத் தெரியவே தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. ஆக, கடுமையான தேடல் ஒளிபவருக்கு எதிராகவும், ஒளியாதவருக்கு ஆதரவாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. விளம்பரமோ இந்த இருவரையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் எடை மிக்கது. தேடுவதற்குப் பணமும் ஆளும் வேண்டும்; கைவிட்டுப் போன கணவனை ஓர் ஏழைப் பெண் எங்கே போய்த் தேடுவாள்? நியாயமான கேள்வி. ஆனால் அவளிடம் இன்று நாம் கேட்பது என்ன? சம்மன் அனுப்பப் பேட்டா கட்டு, பிறகு விளம்பரக் கட்டணம் கட்டு என்கிறோம். பலன் இல்லாத செலவைச் சுமக்கச் செய்துவிட்டு, பலன் தரும் தேடலைச் சுமை என்பது பொருந்தாது. அவளால் தேட முடியாத இடத்தில் அரசு தேட முடியும். வாகனப் பதிவு, வருங்கால வைப்புநிதி, வங்கிக் கணக்கு, செல்போன் இணைப்பு, குடும்ப அட்டை என்று வளர்ந்த மனிதர் ஒருவரின் தற்போதைய முகவரி இன்று ஏதேனும் ஒரு பதிவேட்டில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றங்கள் சில வகை வழக்குகளில் அரசுத் துறைகளிடமிருந்தே முகவரியைக் கேட்டுப் பெறும் ஏற்பாடு இருக்கிறது.

இங்கே அந்தரங்க உரிமை பற்றிய ஆட்சேபம் குறுக்கிடும், குறுக்கிடத்தான் வேண்டும். துன்புறுத்தலுக்குத் தப்பி வெளியேறிய பெண்ணின் புது முகவரி, வழக்கு என்ற பெயரில் கணவன் கைக்குப் போய்விடக் கூடாது. ஆதார் சட்டம் இந்த விஷயத்தில் இன்னும் இறுக்கமானது: அடையாளத் தகவலை வெளியிட உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு தேவை, அதற்கு முன் சம்பந்தப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும். ஆளைக் கண்டுபிடிக்கவே ஆதாரை நாடுகிறோம் என்றால், முதலில் ஆளைக் கேட்டுவிட்டு வா என்கிறது சட்டம். இதற்கு ஒரு வழி உண்டு. முகவரி வாதிக்கும் தெரிய வேண்டாம், வழக்குக் கோப்பிலும் ஏற வேண்டாம். நீதிமன்றம் மூடிய உறையில் சம்மனை அந்தத் துறைக்கோ வங்கிக்கோ அனுப்பட்டும். அவர்கள் தங்களிடம் உள்ள முகவரிக்கும் செல்போன் எண்ணுக்கும் அதை அனுப்பிவிட்டு, அனுப்பினோம், சேர்ந்தது அல்லது சேரவில்லை என்று மட்டும் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கட்டும். தகவல் போகும், முகவரி வெளியே வராது.

இதெல்லாம் எதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போயிற்று என்பார் சிலர். அந்த வழி பயனுள்ளதுதான். 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததையும் திறக்கப்பட்டதையும் செயலியே காட்டுகிறது என்று சொல்லி அதை ஏற்றது. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், உச்ச நீதிமன்றமும் இதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும் என்று ஒரு கடிவாளத்தையும் போட்டது. அதே உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில், குற்றவழக்கில் ஆஜராகச் சொல்லும் காவல்துறை நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பக் கூடாது என்றது. வராவிட்டால் கைதாகலாம் என்ற நிலையில் சார்வு ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும் என்பதே காரணம். பணயம் பெரிதாகப் பெரிதாகச் சார்வின் உறுதியும் கூட வேண்டும் என்ற இந்த அளவுகோல் வீட்டை இழக்கும், மண உறவை இழக்கும் வழக்குகளுக்கும் பொருந்தும். இன்னொன்று, எண் கைமாறும்; இரண்டு நீல டிக்குகள் செய்தி திறக்கப்பட்டதைச் சொல்லும், யார் திறந்தார் என்று சொல்லாது. போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ மோசடிகளைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2025 அக்டோபரில் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியிருக்கும் காலம் இது. தெரியாத எண்ணிலிருந்து முத்திரை போட்ட பிடிஎஃப் வந்தால் அழித்துவிடுங்கள் என்று மக்களுக்கு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, அதே வடிவில் வரும் உண்மையான சம்மனை மதிக்கவில்லை என்று தண்டிக்க முடியாது. வாட்ஸ்அப் மற்ற வழிகளோடு சேர்ந்து வரட்டும். வழக்கு எண்ணைப் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் சரிபார்க்கும் முறையையும் அதில் எளிய தமிழில் எழுதட்டும்.

எல்லாம் செய்தும் கிடைக்காதவர் இருப்பார். அவருக்கு விளம்பரம்தான் வழி என்றால், அது படிக்கப்படுவதற்காகக் கொடுத்த விளம்பரமாக இருக்க வேண்டும். பிரதிவாதி கடைசியாக வசித்த பகுதியில் புழங்கும் நாளிதழ் என்று சட்டம் சொல்கிறது. மொழியைப் பற்றிச் சொல்லவில்லை. வங்கிகள் அடமானச் சொத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்புக்கு இரண்டு நாளிதழ்கள், அதில் ஒன்று வட்டார மொழியில் என்று 2002-ஆம் ஆண்டு விதிகள் கேட்கின்றன. ஒரு வங்கி செய்ய வேண்டியதை ஒரு நீதிமன்றம் செய்யாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை. அதைவிட முக்கியம், இல்லாதவருக்காகப் பேச ஒருவர் வேண்டும். தலைமறைவான குற்றவாளியை அவர் இல்லாமலே விசாரிக்க இடம்தரும் புதிய குற்றவியல் நடைமுறையின் 356-ஆம் பிரிவுகூட, அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லச் சொல்கிறது. அவருக்கு வழக்கறிஞர் இல்லையென்றால் அரசு செலவில் நியமிக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விளம்பரம் மூலம் மட்டும் அழைக்கப்பட்டு வராத பிரதிவாதிக்கு நீதிமன்றம் வழக்கறிஞரை நியமிக்கிறது. நீதிக்கு முதுகு காட்டி ஓடியவருக்கு நம் சட்டமே தரும் இந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பை, வீடு மாறியவருக்கு நாம் மறுக்கிறோம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் ஒரு வழக்கறிஞரிடம் இத்தகைய வழக்குகளை ஒப்படைக்கலாம். அவருடைய முதல் வேலை பிரதிவாதியை இன்னொரு முறை தேடுவது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, கட்டளைகளில் உள்ள விதிகளைத் தங்கள் எல்லைக்குள் திருத்திக்கொள்ளும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்கே தந்திருக்கிறது. அதற்கு மாநில அரசின் முன் ஒப்புதல் வேண்டும். தேடல் பற்றிய பிரமாணப் பத்திரம், மாற்றுச் சார்வுக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்தல், வட்டார மொழி விளம்பரம், விளம்பரத்தை மட்டும் நம்பிய டிக்ரியை நிறைவேற்றும் முன் இன்னொரு நோட்டீஸ் ஆகிய நான்கையும் சென்னை உயர் நீதிமன்றம் இந்த அதிகாரத்தைக் கொண்டே விதிகளில் சேர்க்கலாம். மூடிய உறை ஏற்பாட்டுக்கு மட்டும் மற்றத் துறைகளின் ஒத்துழைப்பும், சில இடங்களில் சட்டத்திருத்தமும் தேவைப்படும். இந்தச் சீர்திருத்தத்தைக் கேட்டு முதலில் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் வாதிகளும் அவர்களுடைய வழக்கறிஞர்களும்தான். எதிர்த்தரப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் வாதத்தையும் கேட்டபின் வாங்கிய தீர்ப்பை எத்தனை ஆண்டு கழித்து யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட முடியும்.